இரண்டு முறை கூப்பிட்ட பெயர்

ஊருக்கெல்லாம் ஏசி டெக்னீஷியன், மேடைகளுக்கு மைக் மைக்கேல், எனக்கு மட்டும் அப்பா ஆனவருக்கு,

வீட்டில் அம்மாவை ‘நீ’ என்பேன், உன்னை ‘நீங்க’ என்பேன். இந்தக் கடிதத்தில் மட்டும் ‘நீ’ போட்டுவிடுகிறேன். ஏற்கெனவே தூரமாகப் போய்விட்டாய். மரியாதையும் சேர்ந்துகொண்டால் இன்னும் தூரமாகிவிடும். பிடிக்கவில்லை என்றால் வந்து தலையில் ஒரு கொட்டு வை. வருவாயா?

முதலில் வீட்டுச் செய்தி. பிழைக்க வந்த இந்த வளைகுடா ஊரில், சத்வாவில் அதே வில்லாதான், ஆனால் இரண்டு அறையை விட்டு ஓர் அறைக்கு வந்துவிட்டோம். என் விசா அம்மாவின் பெயருக்கு மாறிவிட்டது. அம்மா எனக்காக ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டியை விட்டுவிட்டாள். உன் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நிற்கின்றன. ஒன்றின்மேல் மாதா சுரூபம், இன்னொன்றின்மேல் ரைஸ் குக்கர். “ரெண்டும் சத்தம் போடாம நம்மளக் காப்பாத்துது” என்கிறாள் அம்மா.

உன் சவுண்ட் மிக்ஸரை மட்டும் யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே பிளாஸ்திரி ஒட்டி நீ எழுதிய கையெழுத்து அப்படியே இருக்கிறது. ‘1 மேடம்’, ‘2 டிரம் அடி’, கடைசியில் ‘8 மைக்கேல்’. நீ மிக்ஸர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மைக் அந்த எட்டில்தான் இருக்கும்.

உன் பிப்ரவரி விழா போன வெள்ளிக்கிழமை நடந்து முடிந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொள். இது நம் கோயில் மலரில் வரப்போகிறது, படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் இல்லையா? எழுத்துப் பிழைகளை அம்மா திருத்திவிட்டாள். மற்ற பிழைகள் எல்லாம் என்னுடையவை.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் ஆப்பிரிக்கர்கள் சேர்ந்து நடத்துகிற விழா அது. கானாவிலிருந்து வந்த நர்சுகள், செக்யூரிட்டி வேலை பார்க்கிற கென்யாக்காரர்கள், ஓட்டலில் கிதார் வாசிக்கிற காங்கோக்காரர்கள், அமெரிக்காவிலிருந்து பாடம் நடத்த வந்த கறுப்பின ஆசிரியர்கள். கப்பலில் ஏற்றி விற்கப்பட்ட காலத்திலிருந்து அவர்களுடைய வரலாறு சுவர் முழுக்கப் படங்களாக மாட்டியிருக்கும். ஒரு சினிமா போடுவார்கள். கடைசியில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு மேளமும் ஆட்டமும். இதையெல்லாம் முன்னின்று நடத்துகிற அபேனா ஆன்ட்டி கானாக்காரர், அம்மாவின் வார்டில் தலைமை நர்ஸ். மலையாள நர்சுகளோடு இருந்து இருந்து, உலகத்தில் எல்லாப் பெண் பிள்ளைகளையும் ‘மோளே’ என்று கூப்பிடப் பழகிவிட்டவர். அம்மா வழியாகத்தான் உனக்கு அங்கே சவுண்ட் வேலை கிடைத்தது.

முதல் வருஷம் அந்தக் குடம் போன்ற டிரம்மைப் பார்த்ததும் நீ என்ன செய்தாய்? தரையில் குப்புறப் படுத்து அதன் அடியில் காதை வைத்தாய். மேளக்காரர் பயந்துபோய், “பிரதர், ஓகே?” என்று உன் தோளைத் தட்டினார். நீ படுத்தபடியே என்னைக் கூப்பிட்டாய். “ஏட்டி, இங்க வா. எல்லாவனும் மேல தோலுக்குப் பக்கத்துல மைக் வைக்கான். இதுக்கு உயிரு அடியில இருக்குட்டி.” அன்றைக்கு நீ அடியில் ஒரு மைக் வைத்தாய். முதல் அடி விழுந்ததும் அரங்கத்தின் வயிற்றுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்து வந்து உன்னைத் தூக்கிச் சுற்றினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சிரித்தாய்.

அந்தக் கப்பல் படத்துக்கு முன்னால் நீ நின்றதும் நினைவிருக்கிறது. தீப்பெட்டிக்குள் குச்சி அடுக்கின மாதிரி மனிதர்களைக் கிடத்தி வரைந்த படம். பக்கத்தில் ஒரு பட்டியல். “இங்கிலீஷ்ல என்னட்டி போட்டிருக்கான்? இவங்க பேரு எங்க?” என்று கேட்டாய். வாசித்துப் பார்த்தேன். ஆணா பெண்ணா என்று இருந்தது, வயது இருந்தது, உயரம் இருந்தது. பெயர் இல்லை. பின்னால் நின்ற அபேனா ஆன்ட்டி, “அதனாலதான் நாங்க பேர் கூப்பிடறோம், மைக்கேல்” என்றார்.

அது அந்த விழாவின் முதல் சடங்கு. மேடையில் ஒரு தொட்டிச் செடி இருக்கும். மண் தரை என்றால் மண்ணிலேயே ஊற்றுவார்களாம். இது கார்ப்பெட் போட்ட அரங்கம், அதனால் செடி. ஆன்ட்டி சுரைக்குடுவையில் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்பார். பெயர் தெரியாமல் போனவர்களுக்காக முதலில் ஒரு வாய் தண்ணீர் ஊற்றுவார். பிறகு யார் வேண்டுமானாலும் எழுந்து தங்கள் வீட்டில் இறந்தவரின் பெயரைச் சொல்லலாம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாய் தண்ணீர். எல்லோரும் சேர்ந்து ‘அஷே’ என்பார்கள். நம் ‘ஆமென்’ மாதிரி, அப்படியே ஆகட்டும் என்று அர்த்தமாம்.

முதல் வருஷ ஒத்திகையின்போது நீ வழக்கம்போல, “செக், செக், மைக்கேல், செக்” என்றாய். நீ மைக் சோதிக்கிற விதம் அதுதானே? ஒன் டூ த்ரீ சொல்ல மாட்டாய், சொந்தப் பெயரைத்தான் சொல்வாய். ஆன்ட்டி அப்போது குடுவையோடு நின்றிருந்தார். விறுவிறுவென்று உன்னிடம் வந்து காதோடு ஏதோ சொன்னார். நீ சிரித்துத் தலையை ஆட்டினாய். என்னவென்று கேட்டேன். “அது டெக்னீஷியன் சமாச்சாரம். ஒனக்கு எதுக்கு?” என்றாய். நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

இனி என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். உன் பெட்டியில் உபரியாக ஒரு வயர்லெஸ் மைக் கிடக்கும். அது என் கையில் கிடைத்தால் நான் ஜெனி இல்லை, குட்டிச்சாத்தான். நீ வைத்த பெயர்தானே? ஒரு கல்யாண வரவேற்பில் திரைக்குப் பின்னாலிருந்து கட்டைக் குரலில், “மாப்ள, பேன்ட் ஜிப்பு” என்றேன். மாப்பிள்ளை மட்டுமா குனிந்து பார்த்தார்? மேடையில் நின்ற அத்தனை ஆண்களும் பார்த்தார்கள். ஃபாதர் உட்பட. நீ மிக்ஸருக்குப் பின்னால் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவின் முன்னால் என்னைத் திட்டினாய்.

எனக்குப் பதினான்கு வயதான அந்தப் பிப்ரவரியிலும் நான் திரைக்குப் பின்னால்தான் இருந்தேன். விளக்கைக் குறைத்திருந்தார்கள். ஆளாளுக்கு எழுந்து பெயர் சொன்னார்கள். ஒருவர் தன் தங்கை பெயரைச் சொல்லும்போது பாதியில் குரல் உடைந்தது. அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு ‘அஷே’, ‘அஷே’. அவ்வளவு அமைதி எனக்கு ஆகாது அப்பா. சிரிப்பு வயிற்றிலிருந்து ஏறி வந்தது. கையில் மைக் இருந்தது. யார் பெயரைச் சொல்லலாம் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வாயில் முதலில் வந்ததைக் கட்டைக் குரலில் சொன்னேன்.

“மைக்கேல்.”

அரங்கம் முழுவதும் பக்தியோடு, “அஷே” என்றது.

ஆன்ட்டி குடுவையைச் சாய்க்கப் போனார். அந்த நொடியில் ஸ்பீக்கரில் உன் குரல் வந்தது. “மைக்கேல் ஹியர். ஸ்டில் ஆன் டியூட்டி, மேடம்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு வெற்றி. திரை இடுக்கில் பார்த்தேன். ஆன்ட்டி சிரிக்கவில்லை. தங்கை பெயரைச் சொல்லிக் குரல் உடைந்துபோன அந்த அண்ணன் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்.

விழா முடிந்ததும் ஆன்ட்டி உன்னிடம் வந்தார். “எங்க செத்தவங்கள வச்சு நீ கேலி பண்ணினதா எல்லாரும் நினைக்கறாங்க, மைக்கேல். அந்த முதல் குரல் யாருது?” நான் திரைக்குப் பின்னால்தான் இருந்தேன். இரண்டடி தூரம். வெளியே வந்து ‘நான்தான்’ என்றால் போதும். நீ என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சாரி மேடம். வயர்லெஸ்ஸில் வேற லைன் கலந்துருச்சி. இன்டர்ஃபியரன்ஸ். மை மிஸ்டேக்” என்றாய். உன் செட்டில் இரைச்சல் வந்தது என்று யாராவது சொன்னால் மூன்று நாள் சாப்பிடாத ஆள் நீ. உன் வாயாலேயே சொன்னாய்.

வேனில் திரும்பினோம். சத்வா ரவுண்டானா வந்ததும்தான் வாயைத் திறந்தாய்.

“ஏட்டி, கையில என்ன?”

“மைக்குப்பா.”

“சுவிட்சு ஆன்ல இருக்கா, ஆஃப்ல இருக்கா?”

பார்த்தேன். “ஆன்ல.”

“ஆஃப் பண்ணு. பேட்டரி போயிரும்.”

அவ்வளவுதான். நானாகவே, “சும்மா டெஸ்டிங்தானப்பா பண்ணினேன்” என்றேன். நீ ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாய். “டெஸ்டிங்னா சொந்தப் பேரச் சொல்லணும். அடுத்தவன் பேரச் சொல்லப்பிடாதுட்டி.” அதற்குப் பிறகு அதைப் பற்றி நீ பேசியதே இல்லை. அடித்திருக்கலாமே அப்பா? அடித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அடுத்த பிப்ரவரியில் உனக்கு போன் வரவில்லை. வேறு ஆளைச் சொல்லிவிட்டார்கள். நீயோ அந்த வெள்ளிக்கிழமையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாய். மைக்குகளுக்கெல்லாம் பேட்டரி மாற்றி வைத்திருந்தாய். சாயங்காலமானதும், “சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வருவமா?” என்றாய். ரவுண்டு நேராக அந்தப் பள்ளிக்கூட கார் பார்க்கிங்கில் போய் நின்றது. உள்ளேயிருந்து மேளம் தகரத்தைத் தட்டின மாதிரி கேட்டது. நீ கண்ணை மூடிக்கொண்டாய். “அடியில மைக் வைக்கல. லைனுக்கு எர்த்தும் குடுக்கல. ‘ங்ங்’னு ஒரு எரச்சல் வருது, கேக்கா?”

“உள்ள போய்ச் சொல்லுங்களேன்.”

“கூப்பிடாத எடத்துல போயி என்னத்தட்டி சொல்லுறது?”

நான் உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதற்குப் பதிலாக நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரவுண்ட் சவுண்ட்ங்கிறது இதானாப்பா? ஹாலச் சுத்தி நாம நிக்கோம்.” நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நீ சிரித்துவிட்டதால் நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், பிரித்துப் போட்ட ஏசிக்குப் பக்கத்தில், உட்கார்ந்த நிலையிலேயே போய்விட்டாய். வார்டில் இருந்த அம்மாவுக்குத்தான் போன் வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னைக் கூட்டிப்போக அபேனா ஆன்ட்டிதான் வந்தார். அவர் வாயிலிருந்து செய்தியைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. காதுக்குள் அரங்கம் முழுவதும் சேர்ந்து ஒரு வார்த்தை சொன்னது. அஷே. அப்படியே ஆகட்டும்.

பெயரைச் சொன்னால் இதயம் நிற்காது என்று அறிவியல் படிக்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். பகலில் நன்றாகத் தெரியும். ஆனாலும் நம் ஊர் மணப்பாட்டுக் கல்லறையில் உன் பெட்டியை இறக்கும்போது, நான்தான் இதை முன்கூட்டியே சொல்லி வைத்தேன் என்று தோன்றியது. திரும்பி வந்து ஆறு மாதம் நான் யாரையும் கலாய்க்கவில்லை. வகுப்பு டீச்சர் காய்ச்சலா என்று கேட்டார்.

ஜனவரியில் ஆன்ட்டி வீட்டுக்கு வந்தார். நீ ‘நம்ம தக்காளிச் சோறுதான், கோவம் மட்டும் சாஸ்தி’ என்பாயே, அந்தக் காரச் சோறு ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தார். “மோளே, இந்த வருஷம் மைக்கேல் பேரையும் கூப்பிடணும். நீதான் கூப்பிடணும்” என்றார். நான் எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏற்கெனவே கூப்பிட்ட பெயரை எப்படி இன்னொரு முறை கூப்பிடுவது?

வெளியே வந்து, “அப்பா செட்டைத்தான் போடணும். நானே போடுறேன்” என்றேன். ஆன்ட்டி அம்மாவைப் பார்த்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார். “அந்த இன்டர்ஃபியரன்ஸ்?”

“வராது ஆன்ட்டி” என்றேன். இறந்த பிறகும் அந்த இரைச்சல் உன் பெயரில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியமே போய்விட்டேன். கேபிளை முறுக்கு விழாமல் விரித்தேன். எர்த் கொடுத்தேன். அதே மேளக்காரர், டிரம் அடியில் நான் மைக் வைப்பதைப் பார்த்துவிட்டு என் தலையில் கை வைத்தார். “செக், செக், ஜெனி, செக்” என்றேன். சுத்தமாக வந்தது. உன் மைக்கையும் உன் நாற்காலிக்கு முன்னால் வைத்து, எட்டாவது சேனலை ஏற்றி விட்டேன். ஏன் என்று கேட்காதே.

சாயங்காலம் அம்மா டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். விளக்கைக் குறைத்தார்கள். ஆன்ட்டி தொட்டிச் செடிக்குப் பக்கத்தில் குடுவையோடு நின்றார். என் முறை வந்ததும் மேடையில் ஏறி மைக்கை வாங்கினேன். எனக்குத்தான் ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு என்பாயே, அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித்தான் பேசினேன்.

“பேரைச் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருஷம் முன்னாடி இங்க மைக்கேல்னு ஒரு குரல் வந்துச்சு. அது என் குரல். விளையாட்டுக்குச் சொன்னேன். எங்கப்பா செட்டுல எந்தக் கோளாறும் இல்ல. எங்கப்பா செட்டுல கோளாறு வந்ததே இல்ல.”

ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நீ இருந்திருந்தால் எந்த யூனிட்டில் என்ன பழுது என்று சொல்லியிருப்பாய்.

ஆன்ட்டி குடுவையைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, உன் நாற்காலியைப் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

“மோளே, முதல் வருஷம் ஒத்திகையில அவர் தன் பேரைச் சொல்லிக்கிட்டு இருந்தார். நான்தான் போய்ச் சொன்னேன். இந்தச் சடங்கு நேரத்துல உயிரோட இருக்கிறவங்க பேர் வரக்கூடாது, தவறி வந்துட்டா உடனே ‘இருக்கேன்’னு பதில் சொல்லிடு, தண்ணி விழறதுக்குள்ள சொல்லிடுன்னு. எங்கம்மா எனக்குச் சொன்னது அது. அன்னைக்கு அவர் கேலி பண்ணல. நான் சொன்னதத்தான் செஞ்சார். நான்தான் மறந்துட்டேன்.”

பிறகு என் தாடையைப் பிடித்துத் தூக்கினார். “அவர் பதில் சொல்லிட்டார். நான் அன்னைக்கு ஒரு சொட்டுகூட ஊத்தல. நீ கூப்பிட்டது அங்கயே அழிஞ்சு போச்சு, புரியுதா?” அவர் கண்கள் நிறைந்துவிட்டன. “ஆனா அடுத்த வருஷம் நான் அவரைக் கூப்பிடலையே. அதுக்கு நான் யார்கிட்டப் போய்ப் பதில் சொல்வேன்?”

அப்பா, இதைத்தானே நீ டெக்னீஷியன் சமாச்சாரம் என்றாய்? அன்றைக்கே இதை அவருக்கு நினைவுபடுத்தியிருக்கலாம். ஒரே நிமிஷத்தில் உன்மேல் இருந்த பழி போயிருக்கும். ஆனால் அடுத்த கேள்வி, அப்படியானால் கூப்பிட்டது யார் என்பதுதான். அதற்காகத்தானே வாயை மூடிக்கொண்டாய்? கார் பார்க்கிங்கில் கண்ணை மூடி இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தபோதும் அதை எனக்காகத்தானே பொறுத்துக்கொண்டாய்?

“இப்ப கூப்பிடு” என்றார் ஆன்ட்டி.

கட்டைக் குரல் இல்லை. என் குரலில்தான் கூப்பிட்டேன்.

“மைக்கேல்.”

“அஷே.”

ஆன்ட்டி குடுவையைக் கையில் பிடித்தபடி நின்றார். ஊற்றவில்லை. அவரும் உன் நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். முன்வரிசையில் அம்மாவும் திரும்பிப் பார்த்தாள். எட்டாவது சேனல் ஏறித்தான் இருந்தது. ஸ்பீக்கரில் துளி இரைச்சல் இல்லை, அவ்வளவு சுத்தமான லைன். ஒரு வார்த்தை சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

பதில் வரவில்லை. ஆன்ட்டி தண்ணீரை ஊற்றினார். செடி மண் அதைச் சத்தமில்லாமல் குடித்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆகஸ்டில் வராத அழுகை.

வீடு திரும்பும்போது டாக்ஸியில் அம்மா கேட்டாள். “ரெண்டு வருசமாட்டி உள்ளுக்குள்ள வச்சிருந்த?” தலையாட்டினேன். “அந்த மனுசன் எங்கிட்டக்கூடச் சொல்லலியே” என்று என் முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு அந்தக் கையை எடுக்கவே இல்லை.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். கலாய்ப்பதை அடியோடு விடமாட்டேன், விட்டால் நீயே நம்ப மாட்டாய். ஆனால் நான் செய்ததை இனி எந்தத் திரைக்குப் பின்னாலும் ஒளித்துவைக்க மாட்டேன். மைக் சோதிக்கும்போது என் பெயரைத்தான் சொல்வேன். ஒவ்வொரு பிப்ரவரியும் உன் செட்டைக் கொண்டுபோய், டிரம் அடியில் மைக் வைத்து, உன் பெயரைக் கூப்பிடுவேன். எட்டாவது சேனலை ஏற்றியே வைப்பேன். தண்ணீர் விழும்வரைக்கும் காத்திருப்பேன்.

உன் பெயரை என் முழுப்பெயரில் பாதியாகச் சுமக்கிற குட்டிச்சாத்தான்,
மைக்கேல் மகள் ஜெனி